பின்பக்கம் சத்தம்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு பழைய நீள நோட்டும், அதன்மேல் ஒரு இரும்பு மூடியும் கிடக்கின்றன. மூடி கட்டைவிரல் அளவுதான். குட்டையாக ஒரு தண்டு, அதன் தலையில் காளான் மாதிரி ஒரு தொப்பி. தொப்பியைத் தட்டினால் லொடலொடவென்று ஆட வேண்டும். இது ஆடாது. வெள்ளி நிறப் பெயிண்ட் தொப்பிக்கும் தண்டுக்கும் நடுவில் இறங்கிக் காய்ந்துவிட்டது. வீட்டில் யார் இழுப்பறையைத் திறந்தாலும் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மழுப்பித்தான் இருப்பேன். போன மாதம் ஒரு அம்மாள் வந்து வேறு ஒன்றைக் கேட்டார். அதற்குப் பிறகு மழுப்புவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் நான் வேலை பார்த்தேன். வண்டி ஷெட்டில் கிளார்க். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, எதில் என்ன கோளாறு என்று எழுதி வைப்பது வேலை. கோளாறுக்கென்று வண்டிக்கு ஒன்றாகத் தனி நோட்டு உண்டு. சாயங்காலம் டிரைவர்கள் வரிசையாக என் மேசை முன்னால் வந்து நின்று சொல்வார்கள், நான் எழுதுவேன், அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஷெட் ஃபிட்டர் மறுநாள் காலையில் அதைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அது எனக்கு ஒரு பெருமை. அதைவிடப் பெரிய பெருமை, எதையும் இரண்டு சொல்லில் முடித்துவிடுவேன் என்பது. அதற்கு முன்னால் ஆறு மாதம் தந்தி ஆபீசில் தற்காலிக வேலை பார்த்திருந்தேன். ஆட்கள் கதைகதையாகச் சொல்வதை நாலு சொல்லாக வெட்டிக் கொடுத்துக் கொடுத்து, வெட்டாத பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும் அளவுக்கு ஆகியிருந்தேன்.

ஷெட்டில் எட்டு லாரிகளும் ஒரு பிக்கப்பும் இருந்தன. லாரிகள் கல் சுமந்தன. மற்றதையெல்லாம் பிக்கப் சுமந்தது. டீசல் பேரல், துளைபோடும் கம்பி, குடிதண்ணீர் டிரம், வேலைக்கு வரும் பெண்கள், பாம்பு கடித்தவர்கள், ஒருமுறை மேனேஜர் வீட்டுக் காதுகுத்துக்கு வாடகைப் பாத்திரம். ஏதோ ஒரு இலாகா ஏலத்தில் விட்டதை முதலாளி எடுத்திருந்தார். வந்தபோது பெட்ரோல் வண்டி. பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது என்று, வேறொரு பழைய வண்டியின் டீசல் எஞ்சினைத் தூக்கி அதில் வைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் நடந்த வேலைதான் இது. எஞ்சின் மாறியது, அதற்குப் பின்னால் இருந்த எதுவும் மாறவில்லை. கிளட்ச், கியர் பெட்டி, வண்டியின் வயிற்றுக்கடியில் சுழலும் நீளக் குழாய், பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டு தொங்கும் இரும்புக் கூடு, அதற்குள் சுற்றும் பல்சக்கரங்கள், அங்கிருந்து இரண்டு சக்கரத்துக்கும் போகும் அச்சு, எல்லாம் பழைய சாதுவான எஞ்சினுக்காகச் செய்தவை. எஞ்சினை மாற்றிக் கொடுத்தவர் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த பாய். "கன்னுக்குட்டிய ஏர்ல பூட்டச் சொல்றீங்க, பூட்டிட்டேன். முதுகு போச்சுன்னு என்னைய வந்து கேக்காதீங்க" என்று சொல்லித்தான் வண்டியை அனுப்பினாராம். அவர் சொன்னபடியே அதன் எஞ்சினைப் பற்றி ஒருநாளும் புகார் வந்ததில்லை. வந்ததெல்லாம் முதுகிலிருந்து வந்தது.

அந்த வண்டியை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டோம். லாரி ஓட்டியவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது, இவர் மட்டும் டிரைவர். சொந்த ஊர் வாலிகண்டபுரம், பெண்டாட்டியும் இரண்டு பெண்பிள்ளைகளும் பெரம்பலூரில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் சார் என்பார். நல்ல மனுஷன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. முன்கோபி. லாரிக்காரர்களோடு வாரம் ஒரு சண்டை. அவர் லீவு போட்ட நாளில் வேறு யாராவது பிக்கப்பை எடுத்துவிட்டால், மறுநாள் சீட்டிலிருந்து ஸ்டீயரிங் வரைக்கும் தடவித் தடவிப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடுவார், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் நான் டீ குடித்துவிடலாம். ஆனால் காது மட்டும் வேறு யாருக்கும் இல்லாத காது. வண்டிக்குள் எது தேய்ந்தாலும், எது தளர்ந்தாலும் அவருக்கு முதல் நாளே கேட்டுவிடும்.

சாயங்காலம் என் முன்னால் வந்து நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். "எழுதிக்குங்க சார். நின்ன எடத்துலேர்ந்து எடுக்கையில பின்னாடி ஒரு தட்டு. டங்குன்னு ஒண்ணே ஒண்ணு. அப்பறம் இல்ல. கதவத் தட்டிட்டு எவனோ ஓடிப்போன மாதிரி." நான் எழுதுவேன்: பின்பக்கம் சத்தம். இன்னொரு நாள், "முப்பதுல ஒண்ணுமில்ல சார். நாப்பத்தஞ்சு வந்தா காலுக்கடியில தரை நடுங்குது. அம்பது தாண்டுனா நின்னுடுது." பின்பக்கம் சத்தம். வேறொரு நாள், "மேடு ஏறையில வாயத் தொறக்க மாட்டேங்குது. எறக்கத்துல கால எடுத்தா ஊங்குது. பசிச்ச புள்ள அழுவுற மாதிரி இல்ல, தூங்கி எந்திரிச்ச புள்ள சிணுங்குற மாதிரி." அதற்கும் பின்பக்கம் சத்தம்தான். முதலாவது குழாயின் முனையில் இருக்கும் சிலுவைக்கட்டை தேய்ந்ததால் வருவது, இரண்டாவது குழாய் கோணியதால் வருவது, மூன்றாவது பூசணிக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று சரியாக உட்காராததால் வருவது என்று பின்னால் பாய் எனக்கு விளக்கினார். டிரைவர் சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் வண்டியைப் பார்க்காமலே கழற்ற வேண்டிய இடத்தைச் சொல்லியிருப்பேன் என்றார். ஷெட் ஃபிட்டர் பார்த்தது என் நோட்டைத்தான். அவர் பின்பக்கம் சத்தம் என்று படித்துவிட்டு, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கிரீஸ் வைத்துவிட்டுப் போவார்.

ஒருமுறை, "வளைவுல திரும்பையில உள்ளுக்குள்ள நறநறங்குது சார், அச்சு வுட்டுறும் போல இருக்கு" என்று பத்து நாள் விடாமல் சொன்னார். பத்து நாளும் நானும் விடாமல் பின்பக்கம் சத்தம் என்று எழுதினேன். பதினோராவது நாள் அவருடைய ஊரிலேயே, வாலிகண்டபுரம் கோயிலுக்கு எதிரில், அச்சு முறிந்தது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. சொந்தக்காரர்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளினார்களாம். மறுநாள் வந்து என் முன்னால் நின்றார். "மாமன் மச்சான் எதுக்க மானத்த வாங்கிப்புடுச்சு சார். தலயால அடிச்சிக்கிட்டேன், எவன் கேட்டான்?" நான் கொஞ்சமும் கூசாமல், "நோட்டுல எழுதியிருக்கேனே அண்ணே" என்றேன். அவர் கோபம் உடனே தணிந்துவிட்டது. "நீங்க எழுதுனீங்க சார், உங்களச் சொல்வேனா? அந்த ஃபிட்டரு கண்ணத் தொறந்து படிச்சாத்தான" என்றார். தான் சொன்னது முழுவதும் அந்த நோட்டில் சொன்னபடி இருக்கிறது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். நானும் அதைத் திருத்தவில்லை. அப்போது அது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஷெட்டில் ஆயுதபூஜைக்கு வண்டிகளைக் கழுவி மாலை போடுவதோடு விட மாட்டார்கள். டீசல் விட்டுத் தேய்த்து, சக்கரம், பம்பர், அடிக்கட்டு எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார்கள். குனிந்து பார்த்தாலும் பளபளவென்று இருக்க வேண்டும். எந்த வண்டியின் அடிவயிறு அதிகமாக மின்னுகிறது என்று டிரைவர்களுக்குள் போட்டியே நடக்கும். அந்த வருஷம் போட்டோ எடுக்கப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பெயிண்ட் அடிக்கும் ஆளுக்குக் காய்ச்சல் வந்து எட்டு லாரியோடு நிறுத்திக்கொண்டான். மிச்சம் பிக்கப். நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பிரஷை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தேன். டிரைவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, "மேல அடிச்சா போதாதா சார்? சாமி என்ன குனிஞ்சா பாக்கப் போவுது?" என்று கேலி செய்தார். பூசணிக் கூட்டுக்குப் பக்கத்தில், அச்சை மூடியிருக்கும் அச்சுக்குழாயின் மேல் ஒரு சின்ன மூடி அழுக்குப் பிடித்துப் போய் இருந்தது. பளபளப்பு நடுவில் அது மட்டும் அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கு மட்டும் மூன்று தடவை பூசினேன். மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். போட்டோவில் எங்கள் பிக்கப்தான் முன்னால் நிற்கிறது.

கார்த்திகையில் பின்பக்கம் இடது சக்கரத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. கூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் சக்கரத்துக்குப் போகாமல் தடுக்க அச்சைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஆயில் சீல் என்பார்கள். ஃபிட்டர் புதியது போட்டார். மூன்று வாரத்தில் மறுபடியும் கசிந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் கசிந்தது. மார்கழியில் அந்த அளவு சீல் ஊரில் கிடைக்கவில்லை, திருச்சியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். டிரைவர்தான் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றுகிறார் என்று மேனேஜர் சொன்னார். டிரைவர் தினமும் என் முன்னால் வந்து நின்றார். "எண்ண பிரேக்குல எறங்குது சார். மிதிச்சா ஒரு பக்கம் புடிக்குது, ஒரு பக்கம் வழுக்குது. ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல இல்லாம நடக்குற மாதிரி இழுக்குது. என்னைக்காவது ஒரு நாளு மொத்தமா வுட்டுறும். பின்னாடி பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. நல்லா எழுதுங்க சார், அழுத்தி எழுதுங்க." நான் எழுதினேன்: பின்பக்கம் எண்ணெய் கசிவு. மறுநாள் அதே பேச்சு. மேற்படி என்று எழுதினேன். அதற்கு மறுநாளும் மேற்படி. அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழே வரைக்கும் மேற்படி, ஒவ்வொன்றுக்கும் நேராக அவருடைய கையெழுத்து.

பொங்கல் கழிந்த வாரம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு அரியலூர் ரயில்வே கேட்டுக்கு வந்திருக்கிறார். கேட் போட்டிருந்தது. முன்னால் உடையார்பாளையம் பக்கத்திலிருந்து முந்திரிக்கொட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டி, மூட்டைமேல் ஒரு கிழவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் அதே எண்ணெயில் ஊறிய அதே பிரேக்கைத்தான் பிடிக்க வேண்டும். மாட்டுவண்டியில் இடிக்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்து, ரோடு போடக் கொட்டியிருந்த சல்லிக் குவியலில் ஏற்றிவிட்டார். கிழவருக்கும் மாட்டுக்கும் ஒன்றுமில்லை. பின்னால் இருந்த ஒரு அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. டிரைவருக்கு நெற்றியில் ஆறு தையல். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். வண்டி சரியாக இருந்ததா, இல்லையா என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். சரியாக இருந்தது என்று எழுதினால் தப்பு முழுவதும் டிரைவர் தலையில், லைசென்ஸ் போய்விடும். மேனேஜர் அப்படி எழுதுவதாகத்தான் இருந்தார். ஓவர் ஸ்பீடு, வேறென்ன என்றார்.

தலைக்கட்டோடு டிரைவர் என்னைப் பார்க்க வந்தார். முன்கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "லைசென்ஸ புடுங்கிட்டாங்கன்னா எனக்கு வேற என்ன தெரியும் சார்? ரெண்டு பொட்டப்புள்ளைங்க. ஆனா ஒரு தைரியம். தினம் நான் சொன்னதெல்லாம் நோட்டுல இருக்குல்ல? திங்கக்கெழம வெசாரணையில நீங்க எடுத்துப் படிச்சீங்கன்னா போதும்." சரி அண்ணே என்றேன். அவர் போன பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன். அந்த மனுஷன் ஒரு மாதம் நின்று சொன்னதில் ஒரு சொல்லும் அதில் இல்லை.

சனிக்கிழமை, வண்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி மேனேஜர் என்னைப் பெரம்பலூருக்கு அனுப்பினார். பாய் பட்டறையில் பிக்கப் கட்டைமேல் நின்றது. சற்று முன் அரியலூரிலிருந்து கட்டி இழுத்து வந்தபோது ஏறிய சூடு மட்டுந்தான், அதற்கே பாய் கூட்டின் அடைப்பைத் திருகித் தளர்த்தியதும் புஸ்ஸென்று காற்று வந்தது. "பாத்தீங்களா, உள்ள எம்புட்டுக் கோவத்தோட இருக்குன்னு" என்றார். பிறகு அச்சுக்குழாயின் மேல்பக்கத்தை விரலால் தடவி, என் வெள்ளிப் பெயிண்டையும் அதன்மேல் அப்பியிருந்த சுண்ணாம்புத் தூசியையும் கத்தியால் சுரண்டினார். அந்த மூடி கண்ணுக்குத் தெரிந்தது. "ஓடுனா சூடாவும், சூடானா உள்ள இருக்குற காத்து விரியும். அது வெளிய போவணும்ல? அதுக்குத்தான் இந்த மூக்கு. இத அடச்சிப்புட்டா அது சீலத் தள்ளிக்கிட்டு எண்ணயோட வருது. நூறு சீலு மாத்துனாலும் துப்பத்தான் செய்யும். எந்த மகராசன் இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?" நான்தான் பாய் என்றேன். "யா அல்லா. அழகுக்கா?" பூஜைக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றி என் கையில் வைத்தார். "தெரியாம செஞ்சீங்க, அதுல ஒண்ணுமில்ல. போயி உள்ளதச் சொல்லிடுங்க. இன்ஷா அல்லா அந்த டிரைவருக்கு ஒண்ணும் ஆவாது."

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். மேனேஜர், டிரைவர், நான். மூடியை மேசைமேல் வைத்து, பாய் சொன்னதைச் சொல்லி, பெயிண்ட் அடித்தது நான்தான் என்றேன். அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. சாமி காரியத்தில் வந்த பிழை, யாரும் அதற்காக என்னைக் கேவலமாக நினைக்கப் போவதில்லை. மேனேஜரும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. டிரைவரைப் பார்த்து, "பிரேக் புடிக்கலன்னு தெரிஞ்சும் ஏன்யா வண்டிய எடுத்த? சொல்லியிருக்க வேண்டியதுதான?" என்றார். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொன்னேங்க. தெனம் சொன்னேன். சாரு எழுதி வச்சிருக்காரு. படிங்க சார்."

நோட்டைத் திறந்தேன். மேற்படி. மேற்படி. மேற்படி. பெயிண்ட் விஷயத்தை ஒத்துக்கொண்ட வாயால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது தெரியாமல் செய்தது, இது தெரிந்தே செய்தது. கண்ணை மேற்படியின் மேல் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். எண்ணெய் பிரேக்கில் இறங்குகிறது. மிதித்தால் ஒரு பக்கம் பிடிக்கிறது, ஒரு பக்கம் வழுக்குகிறது. ஒரு காலில் செருப்போடு நடப்பதுபோல் இழுக்கிறது. ஒருநாள் மொத்தமாக விட்டுவிடும். பின்னால் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தேதி தேதியாக வாசித்தேன். காதில் வாங்காமல் விட்டதாக நான் நினைத்திருந்ததெல்லாம் ஒரு சொல் குறையாமல் வந்தது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். மேனேஜர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு தெளிவா எழுதி வச்சிக்கிட்டு வண்டிய ஏன் வெளிய விட்டீங்க?" சீல் வரவில்லை சார் என்றேன். நோட்டை இப்படிக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். கோளாறை டிரைவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தார் என்று போலீசுக்குக் கடிதம் போயிற்று. லைசென்ஸ் தப்பியது. அந்த அம்மாளுக்கு மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியது. அவரிடம் நான் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் டிரைவர் வந்தார். எனக்கு மெமோ வந்ததில் அவருக்கு வருத்தம். என்னால உங்களுக்குக் கெட்ட பேரு என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "நேத்து படிச்சீங்கள்ல, அத இன்னொரு தடவ படிங்க சார்" என்றார். மறுபடியும் வாசித்தேன், மனதிலிருந்துதான். "நோட்ட ஒரு நாளு குடுங்க, பெரிய பாப்பாகிட்ட காட்டிட்டு தந்துடுறேன். அஞ்சாங்கிளாசு, நல்லா படிக்கும்" என்றார். ஆபீஸ் நோட்டு வெளியில் போகக்கூடாது அண்ணே என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே, பாதிக்கு மேல் வெள்ளைத்தாள் மிச்சமிருந்த அந்த நோட்டை மூடி வைத்துவிட்டுப் புதிய நோட்டு ஒன்று எடுத்தேன். அதிலிருந்து அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். அவரும் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், "எழுதுனத படிங்க சார்" என்று கேட்டு, முழுவதும் காதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கேட்க நன்றாக இருக்கிறது என்பதால் படிக்கச் சொன்னாரா, என்மேல் சந்தேகம் வந்து படிக்கச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை. ஷெட் ஃபிட்டர், நோட்டைப் படித்தால் நாவல் படிப்பதுபோல் இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு பிக்கப் நடுவழியில் நின்றதில்லை. எண்பதுகளின் நடுவில் அதைப் பழைய இரும்புக்குப் போடும்வரை ஆறு நோட்டுகள் நிறைந்தன. ஷெட்டை மூடியபோது காகிதங்களை எடைக்குப் போட்டார்கள். அந்த ஆறையும், பாதியில் மூடிய அந்த ஒன்றையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

போன மாதம் வந்தவர் அந்தப் பெரிய பாப்பாதான். பெரம்பலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். தலையில் பாதி நரை. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்றார். எனக்குத் தெரியாது, தெரியாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அப்பா உங்களப் பத்தி சொல்லாத நாளில்ல சார். தப்ப ஒத்துக்கிட்ட ஒரே ஆபீஸ்காரர்னு சொல்வாங்க. நான் பேசுறத அப்படியே எழுதி வச்சிருக்கார், நான் போனாலும் அதுல இருப்பேன்னு சொல்வாங்க. அப்பா குரல் எங்ககிட்ட எதுலயும் இல்ல சார், ஒரு போன்ல கூட பதிஞ்சு வைக்கல. அந்த நோட்டு ஏதாவது இருக்குமா?" ஆறு நோட்டுகளையும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். நடுவில் பிரித்து வாசித்தார். "மூணாவது கியர்ல போடையில சொன்ன பேச்ச கேக்காத புள்ள மாதிரி முரண்டு புடிக்குது" என்று வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அழுதார். அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடியும் சிரித்தார். இதற்காவது உதவினோமே என்று எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது.

போகும்போது, "அந்த ரயில்வே கேட்டு வருஷத்து நோட்டு இதுல இல்லையே சார்? அப்பா அதத்தான் எனக்குக் காட்டணும்னு ரொம்ப ஆசப்பட்டாங்க" என்றார். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து, மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆசிரியை அல்லவா, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் பார்த்தார். பின்பக்கம் சத்தம். பின்பக்கம் சத்தம். பின்பக்கம் எண்ணெய் கசிவு. மேற்படி. மேற்படி. ஒவ்வொரு வரிக்கும் நேராக, தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்ட அவருடைய அப்பாவின் கையெழுத்து. எழுதியிருந்த கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பவும் முதலுக்கு வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல எங்கப்பா எங்க சார்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் அறையில் எதைப் பார்த்துக்கொண்டு எதை வாசித்தேன் என்பதையும் சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அப்பாவுக்கு லைசென்ஸும் போகவில்லை, போகட்டும் விடுங்கள் என்று அவர் சொல்லக்கூடும் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஆறு நோட்டுகளையும் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏழாவதை எடுத்து என் பக்கமாக நகர்த்தினார்.

"இது உங்களோடது சார். நீங்களே வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, போயிட்டு வரேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நோட்டை மறுபடியும் கீழ் இழுப்பறையில் வைத்து, மூடியை அதன்மேல் வைத்தேன்.